பிஸ்தாவின் உறுமல்

ஜூன் 9, திங்கள்

"சார், தினமும் நாலு வரி எழுதி வைங்க. வருஷக் கடைசியில புத்தகமாப் போட்டுடலாம்" என்று பிரசன்னா சொல்லிவிட்டார். பிரசன்னா எங்கள் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் மற்றவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லத் தெரிந்துவிட்டது. நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டவன். ஆனால் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நோட்டு போட்டு, என்ன தின்றது, எதற்குக் குரைத்தது என்று எழுதும் பழக்கம் உண்டு. இப்போது எனக்கும் ஒன்று.

பெயர்: தேவசகாயம். வயது: ஐம்பத்திரண்டு. இனம்: நாட்டு வகை. எடை: டாக்டர் சொன்னதைவிட எட்டுக் கிலோ கூட. குணம்: சாப்பாடு போட்டால் யார் பின்னாலும் போகும்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ‘வாலாட்டும் நேரம்’. மூன்றாவது வருஷம் ஓடுகிறது. "அடிக்காதீங்க, அழைச்சுப் பாருங்க" என்று கடைசியில் கேமராவைப் பார்த்துச் சொல்வேனே, அது நான்தான். நாய் நல்லது செய்தால் கையிலிருக்கும் சின்ன டப்பாவை ‘கிளிக்’ என்று அழுத்தி ஒரு துண்டு ஈரல். வேண்டாததைச் செய்தால் ஒன்றும் கிடையாது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. மொத்த வித்தையும் இவ்வளவுதான். இதற்குப்போய் ஆவடி மார்க்கெட்டில் "நாய் சார் வந்துட்டார், ஈரலை எடுத்து வைங்கப்பா" என்கிறார்கள். என் மனைவி லூர்துவுக்கு அதில் வருத்தம். "ஊர்ல இருக்கிறவங்க புருஷனையெல்லாம் இன்ஜினியர் சார், வாத்தியார் சார்ங்கிறாங்க" என்பாள்.

இதற்கு முன் பதினெட்டு வருஷம் ஒரு காவல் கம்பெனியின் நாய்ப் பிரிவில் இருந்தேன். அங்கே பாடம் வேறு. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின், தோல் வார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் வார் தோளிலேயே கிடக்கும். புத்தகத்தில் அதெல்லாம் வேண்டாம்.

மகள் ஜெனிட்டாவுக்கு இருபத்து மூன்று. ஸ்கேன் சென்டரில் வேலை. நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா". எதிர்ப்பேச்சு என்பதே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் தன் அப்பாவிடம் பேசுகிற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

கொளத்தூரில் படப்பிடிப்பு. முருகானந்தம், சாந்தினி என்று கணவன் மனைவி. அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை, பவிஷா. நாயின் பெயர் பிஸ்தா. செவலை நிறம், நாட்டு நாயும் ஏதோ ஒன்றும் கலந்தது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன் குட்டியாக வந்ததாம்.

நல்ல நாய். ஒரே ஒரு குறை. தட்டில் வாய் வைத்திருக்கும்போது யாராவது கிட்டே போனால் உறுமும். ஏழடியில் உறுமல் ஆரம்பிக்கும், நாலடியில் பல் தெரியும். இதுவரை யாரையும் கடித்ததில்லை.

இதற்கு வழி உண்டு. எட்டடியில் நின்று ஒரு துண்டு ஈரலை வீசிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப அதேதான். ‘இந்த ஆள் வந்தால் தட்டு பறிபோகாது, கூடுதலாக ஒன்று கிடைக்கும்’ என்று அதற்குத் தெரிய வேண்டும். பிறகு ஏழரை அடி. பிறகு ஏழு. ஒரு மாதம் ஆகும், இரண்டும் ஆகலாம்.

காலை முழுக்கச் செய்தோம். எட்டடி ஏழரை ஆனது. எனக்கு அது பெரிய விஷயம். பிரசன்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், குழந்தை தட்டுப் பக்கத்துல நடந்து போற மாதிரி ஒரு ஷாட் இருந்தாத்தான் எபிசோடு முடியும்."

"அது ஆவணில எடுக்க வேண்டிய ஷாட் தம்பி."

"இருபத்தொன்பதாம் தேதி ஒளிபரப்பு சார். பாருங்க, உங்களால முடியாததா?"

மதியம் எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். நானும் பிஸ்தாவும் மட்டும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் இருந்தோம். மூன்று மணிக்கு பவிஷா தட்டை ஒட்டி நடந்து போனாள். பிஸ்தா வாயைத் திறக்கவில்லை. சாந்தினி அழுதுவிட்டார். பிரசன்னா என்னைக் கட்டிக்கொண்டார். சில நாள் இப்படித்தான், நாய்க்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி

வலது உள்ளங்கையில் கோடு மாதிரி ஒரு சிவப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜூன் 29, ஞாயிறு

எபிசோடு வந்தது. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். டி.வி.யில் பார்த்தால் என் தொப்பை எனக்கு முன்னால் வருகிறது. லூர்து சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பவிஷா நடந்து போகிற இடம் வந்ததும் ஜெனிட்டா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

"எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டேன்.

"நல்லாருந்துதுப்பா" என்றாள் அடுப்படியிலிருந்து.

சாயங்காலம் வரைக்கும் போன் ஓயவில்லை. இந்த வருஷத்தில் அதிகம் பேர் பார்த்தது இதைத்தானாம். பிரசன்னா "சார், நீங்க மந்திரவாதி" என்று அனுப்பியிருந்தார், பக்கத்தில் ஒரு முயல் படம். தொப்பியிலிருந்து நான் எடுத்த முயலாம்.

ஜூலை 8, செவ்வாய்

பிஸ்தா பவிஷாவைக் கடித்துவிட்டது.

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது முழங்கைக்குக் கீழே சதை கிழிந்திருக்கிறது. நாய்க்கடி என்றால் உடனே தையல் போட மாட்டார்களாம், திறந்தே வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல்கள் அசைகின்றன. காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்களாம். குழந்தை கத்தியது கீழ்மாடி வரை கேட்டது என்று முருகானந்தம் சொன்னார். 

நடந்தது இதுதான். பிஸ்தா தின்றுகொண்டிருந்தது. பவிஷாவின் பென்சில் உருண்டு தட்டருகே போனது. அவள் குனிந்தாள்.

"உறுமவே இல்ல சார்" என்றார் சாந்தினி. "மூணு வருஷமா அது உறுமினா நான் இவளைத் தூக்கிடுவேன். அதான் எனக்கு மணி அடிச்ச மாதிரி. நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து சத்தமே இல்ல. சரியாயிடுச்சுன்னுதானே விட்டேன்?"

பவிஷா என்னைப் பார்த்தாள். டி.வி.யில் வந்த அங்கிள் என்ற மரியாதை இன்னும் முகத்தில் இருந்தது.

"அங்கிள், பிஸ்தா எப்பவும் சொல்லும்ல? இப்ப ஏன் சொல்லாம கடிச்சுது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

பிஸ்தாவுக்கு வெறிநோய் ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பதினெட்டாம் தேதியோடு பத்து நாள் முடிகிறது.

"அதுக்கப்புறம் ஊசி போட்டு முடிச்சிடப் போறேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றார் முருகானந்தம். "அதுவரைக்கும் என் வீட்டுல வைக்க முடியாது. நான் ஏதாவது பண்ணிடுவேன்."

பிஸ்தாவை நான் கூட்டிவந்தேன். ஆட்டோக்காரர் என்னை அடையாளம் கண்டு, "சார், ஒரு செல்ஃபி" என்றார். மூன்று பேரும் நின்று எடுத்தோம்.

ஜூலை 10, வியாழன்

பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் கட்டியிருக்கிறேன். சத்தமே இல்லை. லூர்து, "ஐயோ, எவ்வளவு சமத்து! இதுவா கடிச்சுது?" என்கிறாள். நான் போனால் தட்டிலிருந்து முகத்தை எடுத்துத் திருப்பிக்கொள்கிறது. ஈரலை வீசினால் தின்கிறது. என் கையைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறது.

ஜெனிட்டா வேலைக்குப் போகும் முன் அதற்குச் சோறு வைத்தாள். தட்டை வைத்துவிட்டு உடனே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

பிரசன்னா வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். லூர்துவிடம் முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டினார். புதன்கிழமை நான் கேமரா முன்னால் சொல்ல வேண்டியதாம்.

‘பயிற்சிக்குப் பிறகு தொடர வேண்டிய வீட்டுப்பாடத்தைக் குடும்பத்தினர் தொடராததால் இந்த வருத்தத்துக்குரிய சம்பவம் நேர்ந்துள்ளது.’

"இதைச் சொன்னா அவங்க நாயைக் கொன்னுட்டு, தங்களையும் திட்டிக்குவாங்க தம்பி."

"சொல்லலைன்னா நிகழ்ச்சி நின்னுடும் சார். எங்க டீம்ல பதினாறு பேர்."

போகும்போது வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கு மதியம் என்ன நடந்துதுன்னு நான் கேட்கல சார். ஏன் கேட்கலைன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருந்தது. வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

சாயங்காலம் ஜெனிட்டா பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தாள். பிஸ்தா எட்டடி தள்ளிப் படுத்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் சேர்ந்து இருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் பிஸ்தா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"நல்ல நாய்ம்மா. ஏன் கடிச்சுதுன்னே புரியல" என்றேன்.

ஜெனிட்டா பிஸ்தா பக்கம் திரும்பினாள். பிறகு, "எனக்கு எபிசோடு பார்க்கும்போதே தெரியும்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தக் குழந்தை நடந்து போறப்போ அது காதைப் பின்னால வெச்சிருந்துது. உதட்டை நக்கிக்கிட்டே இருந்துது. அது அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்ல. கேமராவுக்குப் பின்னால நின்ன உங்களைப் பார்த்துது."

மூன்று வருஷமாக நாயின் முகத்தைப் படிக்க ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்த எபிசோடை நானும்தான் பார்த்தேன். என் தொப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாதாப்பா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

ஜெனிட்டா அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு விடமாட்டேன் என்றேன். எதிர்த்துப் பேசினாள். வார் தோளில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

ஜூன் 12ஆம் தேதி மதியத்தையும் எழுதிவிடுகிறேன். என் வண்டிப் பெட்டியில் பழைய சோக் செயின் கிடந்தது. இத்தனை வருஷமும் அதைத் தூக்கிப் போடவில்லை. தட்டை வைத்தேன், கிட்டே போனேன். உறுமியது. இழுத்தேன். முன்னங்கால் தரையை விட்டுத் தூக்கும் வரை இழுத்தேன். மறுபடி போனேன். உறுமியது. மறுபடி. ஐந்தாவது தடவை உறுமவில்லை. அப்போது ‘கிளிக்’ என்று அழுத்தி ஈரல் கொடுத்தேன்.

அதற்குக் கோபம் போகவில்லை. பயம் போகவில்லை. வாய் மட்டும் போனது. ‘கிட்டே வராதே’ என்று சொல்ல அதனிடம் இருந்தது அது ஒன்றுதான். காவல் கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த ஆளுக்குக்கூட நான் சொல்லியிருக்கிறேன், உறுமுகிற நாயை நம்பு, உறுமாத நாயைப் பார்த்துப் போ என்று.

ஜூலை 16, புதன்

ஸ்டூடியோ. மேக்கப் போடுகிற பெண், "சார், கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு, மறைச்சிடவா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். விளக்கு எரிந்தது. ஜூன் 12 மதியத்தைப் பற்றி மேலே எழுதியிருப்பதைச் சொன்னேன், இதைவிடக் கொஞ்சம் கோர்வையில்லாமல். சோக் செயின் என்று வந்ததும் பிரசன்னா "கட்" என்றார். கேமராக்காரர் நிறுத்தவில்லை. முடிக்கும்வரை ஓடவிட்டார்.

"இது வெளிய வராது சார்" என்றார் பிரசன்னா. கோபமாக இல்லை. அழப்போகிறவர் மாதிரி இருந்தார். "வரவே வராது. எதுக்குச் சொன்னீங்க?"

"ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன் தம்பி. நாளைக்கு அவங்க வீட்டுல சொல்லணும்."

ஜூலை 17, வியாழன்

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பவிஷாவை உள்ளே அனுப்பச் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

முருகானந்தம் முதலில் என் அம்மாவைச் சேர்த்து இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு எழுந்தார். பிறகு கையை ஓங்கினார். அதற்குப் பிறகுதான் அடித்தார். விலகிக்கொள்ள எனக்குத் தாராளமாக நேரம் கொடுத்தார். நான் பிஸ்தாவுக்கு அப்படி முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியை விட்டுவைக்கவில்லை.

"என் பொண்ணைக் கடிச்சது அந்த நாய் இல்லய்யா. நீ."

"ஆமாங்க."

"ஆமாங்கன்னு சொல்லாதே. ஏதாவது சொல்லு. சண்டை போடு!"

சாந்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பழக்கி எடுக்க ரெண்டு மாசம் ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க காத்திருந்திருப்போமே சார்?" என்று கேட்டார். அடியைவிட அதுதான் இன்னும் எரிகிறது.

"நாயைக் கொல்லாதீங்க" என்று மட்டும் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அவரும் கேட்டார். இல்லைதான்.

கதவுக்குப் பின்னாலிருந்து பவிஷா, "அப்பா, அப்ப பிஸ்தா சொல்லணும்னுதான் நெனச்சுதா?" என்றாள். 

ஜூலை 18, வெள்ளி

பத்தாம் நாள். பிஸ்தாவுக்கு நோய் எதுவும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு முருகானந்தம் வண்டியில் வந்தார். டாக்டரிடம் போகத்தான் வருகிறார் என்று நினைத்துச் சங்கிலியை அவிழ்த்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் பிஸ்தா வாலை ஆட்டிய ஆட்டத்தில் வாளி கவிழ்ந்தது. அவர் அதன் தலையில் கை வைக்கப் போனவர், பாதியில் எடுத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் நின்றார். லூர்து காபி கொண்டுவந்தாள். வாங்கவில்லை.

"பாப்பா வேண்டாம்னு அழுவுறா" என்றார். "ஆனா என் வீட்டுக்குள்ள இது வரக்கூடாது. நீங்களே வெச்சுக்குங்க. தினமும் காலையில எழுந்து இது மூஞ்சியில முழிங்க."

தடுப்பூசி அட்டையைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிஸ்தா வண்டிச் சத்தம் தேயும்வரை வாசலிலேயே நின்றது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினோரு மணிக்கு ‘வாலாட்டும் நேரம்’ வரவில்லை. அந்த இடத்தில் சமையல். ஒரு அம்மா வெண்டைக்காய் வதக்கினார். நிகழ்ச்சி ‘சிறிய இடைவேளை’யில் இருக்கிறது என்று கடிதம் வந்திருக்கிறது. பிரசன்னா போன் எடுப்பதில்லை. அவருடைய பதினாறு பேரில் எத்தனை பேருக்கு வேறு வேலை கிடைத்தது என்று தெரியவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

பவிஷாவுக்குக் காயம் ஆறி வருகிறதாம். தழும்பு இருக்குமாம். சாந்தினி ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்.

மார்க்கெட்டில் இன்னும் "நாய் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எட்டடி. ஈரல். திரும்பி வருதல். நாற்பது தடவை. செயினைக் கொண்டுபோய் பழைய இரும்புக் கடையில் போட்டேன். ஜெனிட்டாவிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு முதல் தடவையாக எனக்குப் பெருமையாக இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலை ஆறு மணி இருக்கும். பிஸ்தா தின்றுகொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டி காலியாக இருக்கிறதே என்று எடுக்கப் போனேன். கெட்ட புத்தி இல்லை, மறதி. நாலடிக்குப் போய்விட்டேன். பிஸ்தா மெல்லுவதை நிறுத்தியது. உடம்பு விறைத்தது. நானும் அப்படியே நின்றேன். பிறகு தொண்டைக்குள்ளிருந்து, தூரத்தில் லாரி வருகிற மாதிரி, சின்னதாக ஒரு சத்தம்.

உறுமியது. என் கண் நிறைந்துவிட்டது. "பிஸ்தா" என்று இன்னும் ஒரு அடி எடுத்து வைக்கப் போனேன். இருபது வருஷத்துக்கு மேல் நாயோடு இருந்தும் இவ்வளவுதான் அறிவு.

"அப்பா! அங்கேயே நில்லுங்க!"

ஜெனிட்டா கதவருகே நின்றாள். அந்தக் குரலை நான் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

"அது வராதேன்னு சொல்லுது, கேக்கலையா உங்களுக்கு? பின்னால வாங்க. சட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம். வாங்கன்னா வாங்க!"

வந்தேன். படியில் நின்றேன். அவள் நிறுத்தவில்லை. தண்ணீர்ச் சட்டியில் ஆரம்பித்தாள். நான் எதையும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை என்றாள். ஸ்கேன் சென்டர் வேலைக்கு அவளை நான் சேர்த்துவிட்டதைச் சொன்னாள், அவளுக்கு நர்சிங் படிக்க ஆசையாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்படியே பின்னால் போய்ப் போய், ஏழாம் வகுப்புக்கு வந்தாள். டி.வி.யில் "அடிக்காதீங்க" என்று நான் சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும் தன் முதுகு எப்படி இருக்கும் என்று சொன்னாள்.  குரல் இறங்கவில்லை.

லூர்து ஓடிவந்து, "ஏய், அப்பாகிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள்.

"நீ சும்மா இரு லூர்து" என்றேன். "அவ பேசட்டும்."

பேசினாள். இருட்ட ஆரம்பித்துவிட்டது. பிஸ்தா தட்டை நக்கி முடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. ஒரு இடத்தில் ஜெனிட்டா மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றாள்.

நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.